கேமராவில் இருந்த உன் பெயர்

இன்று காலை அலமாரியிலிருந்து பழைய கேமராவை வெளியே எடுத்தேன். மூன்று நாளாக மழை. லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்று பயந்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றலாம் என்றுதான் எடுத்தேன். பையின் ஜிப்பை இழுத்ததும் தைல வாசனை வந்து முகத்தில் அடித்தது. உன் கழுத்துத் தைலம். வாரில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடி உன் வியர்வையில் ஊறிய வாசனை. இனி எந்தச் சோப்புக்கும் போகாது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் பூவை வைத்துவிட்டு, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிவிட்டேன். வாயால் வராதது எழுதினால் வருமோ என்னமோ.

ஜங்ஷன் பக்கத்துக் கலர் லேபில் நாம் இரண்டு பேரும் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்த நாட்களிலிருந்தே நீ அப்படித்தான். லேபை மூடப்போகிறோம் என்று முதலாளி சொன்னபோது எனக்கு அழுகை வந்தது, உனக்கு யோசனை வந்தது. "ஊரான் கல்யாணத்தையெல்லாம் பிரிண்டு போட்ட கைக்கு எடுக்கத் தெரியாதாட்டி?" என்றாய். ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கினோம். அடுத்த வருஷம் இன்னொன்று. பாளையங்கோட்டையில் மாடி அறை ஒன்றைப் பிடித்து ஸ்டுடியோ என்று பலகை மாட்டினோம். பெண்கள் பக்கம் படம் எடுக்கப் பெண்கள்தான் வேண்டும் என்று கேட்பவர்கள் நம்மைத் தேடி வந்தார்கள். மேலப்பாளையத்து முஸ்லிம் வீடுகளிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள்.

கல்யாண வீட்டில் நீ நேர் முன்னால் நிற்பாய். நான் பக்கவாட்டில், தூணோடு தூணாக. நான் பயந்த சுபாவம் என்பது உனக்குத் தெரியும். தாலி ஒரு தடவைதான் கழுத்தில் ஏறும். அந்த நொடி தவறிவிட்டால்? முந்தின நாள் மெமரி கார்டை மூன்று தடவை சோதிப்பேன். எடுத்து முடித்த பிறகு, படமெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறும்வரை தண்ணீர் குடிக்கமாட்டேன். கார்டு கெட்டுவிட்டால்? கையிலிருந்து நழுவி ஓடையில் விழுந்துவிட்டால்? "பைத்தியம், கோட்டிக்காரி" என்று சிரிப்பாய். ஆனால் நான் தண்ணீர் குடிக்கும்வரை நீயும் டீக்குக் கிளம்பமாட்டாய்.

அந்தக் கேமராவின் கனத்தைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை சுமந்து உன் கழுத்து போயிற்று. ஒரு பக்கம் திரும்பவே முடியாமல், ஆட்டோவில் ஏறும்போது உடம்போடு சேர்த்துத் தலையைத் திருப்புவாய். அப்போதுதான் மிரர்லெஸ் கேமரா பேச்சை எடுத்தாய். பாதிக் கனம், உள்ளே மேலும் கீழும் அடிக்கிற கண்ணாடி கிடையாது, இருட்டு மண்டபத்திலும் ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். பேட்டரி நிற்காது. பழைய லென்ஸைப் போட நடுவே ஒரு வளையம் மாட்ட வேண்டும், அது கழன்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழையதில் கண்ணை வைத்தால் அந்தப் பெண்ணையே பார்க்கலாம். இதில் கண்ணை வைத்தால் ஒரு சின்ன டிவியில் அவள் படத்தைத்தான் பார்க்க முடியும். டிவி அணைந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

நீ கேட்கவில்லை. வாங்கிவிட்டாய்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு ஆற்றுப் படித்துறைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? மத்தியான வெயில். நான் கடைசிப் படியில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ மேல்படியில்.

"கேட்டுச்சாட்டி?" என்றாய்.

"என்னது?"

"ஒன்னையப் பதினஞ்சு படம் எடுத்துட்டேன்."

பழைய கேமரா என்றால் 'டக்' என்று அடிக்கும். அறைக்கு மறுகோடியில் இருப்பவளுக்கும் தெரியும், நம்மை எடுத்துவிட்டார்கள் என்று. இது ஒன்றுமே சொல்லவில்லை.

"சத்தமில்லாம எடுக்கது களவு மாதிரில்லா இருக்கு" என்றேன்.

"சத்தம் போட்டு எடுத்தா மட்டும் கேட்டுக்கிட்டா எடுக்கோம்?" என்றாய்.

அன்று நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் சேலையை இழுத்து மூடிக்கொண்டேன்.

இரண்டு வாரம்தான் அதை வைத்துக்கொண்டிருந்தாய். பிறகு காய்ச்சல். மாத்திரையில் போய்விடும் என்று நீயும் சொன்னாய், நானும் நம்பினேன். நாலாவது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கிட்டப் போனதும் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுதக் கை ஓடவில்லை.

பத்து நாள் கழித்து அவர் ஸ்டுடியோ படியேறி வந்து அந்தக் கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் தொடவில்லை. நாலு மாதம் பழைய கேமராவை வைத்தே ஓட்டினேன்.

அதுவும் ஒரு நாள் கைவிட்டது. பாளையங்கோட்டையிலேயே, கோயிலுக்குள் ஒரு கிறிஸ்தவக் கல்யாணம். போதகர் ஜெபித்துத் தாலியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். நான் கண்ணை வைத்துப் பித்தானை அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு எல்லாம் கறுப்பு. உள்ளே கண்ணாடி மேலே போனது போனதுதான், கீழே இறங்கவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். கறுப்பு. இரண்டாவது கேமரா பையில் இருந்தது, எட்டி எடுத்து நிமிர்ந்தபோது மூன்றாவது முடிச்சும் விழுந்துவிட்டது. வீடியோவிலிருந்து ஒரு காட்சியைப் பிரித்தெடுத்து ஆல்பத்தில் ஒட்டினேன். பெண்ணின் அம்மா அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கலங்கலா இருக்கு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

நான் கனவு கண்டு பயந்துகொண்டிருந்ததே நடந்துவிட்டது. அதன்பிறகு பழைய கேமரா இரண்டையும் தூக்கிப் பார்க்கவே நடுக்கம். புதியதைத் தொடவும் நடுக்கம். இரண்டு பயங்களில் எது சின்னது என்று யோசித்து யோசித்து, கடைசியில் உன் கேமராவை எடுத்தேன்.

அதைக் கொண்டு நான் போன முதல் கல்யாணம் மேலப்பாளையத்தில், ஆமினா லாத்தா வீட்டில். அக்காவை அங்கே லாத்தா என்பார்கள் என்று எனக்குச் சொல்லித்தந்ததே நீதான். அவர்களுடைய மூத்த மகள் கல்யாணத்தை நீ எடுத்தாய். இது இரண்டாவது மகள். நீ போனது அவர்களுக்குத் தெரியாது. போனில் சொன்னதும் கொஞ்ச நேரம் ஓதினார்கள். பிறகு, "நீயாச்சும் வா, இசக்கி. அவ கூட்டாளின்னுதான் ஒன்னய விடுதேன்" என்றார்கள்.

பெண்கள் இருந்த மாடிக் கூடத்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை. வருகிறவர்கள் எல்லாரும் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என் போனையும் போட்டேன். அந்த வாசலுக்குள் கேமராவோடு போனது நான் ஒருத்திதான். உள்ளே போனதும், தலையோடு உடம்பைப் போர்த்தியிருந்த துப்பட்டியை எடுத்துவிட்டு, தலையில் பூவும் கையில் மருதாணியுமாகச் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேரும் அப்படி இருந்ததற்கு, என் கையில் இருந்தது வெளியே போகாது என்ற நம்பிக்கை ஒன்றுதான் காரணம்.

படம் எடுத்தேனா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. பித்தான் அமுங்குகிறது, சத்தம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் பின்னால் திருப்பித் திரையைப் பார்த்தேன். சத்தம் வரவைக்க ஒரு வழி இருக்கும், எங்கே என்று தெரியவில்லை. மூலையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சட்டென்று முந்தானையை இழுத்தாள்.

"என்னய எடுத்தியளா?"

"இல்லம்மா."

"எடுத்தாத் தெரியலியே."

கடைசிப் பத்துப் படங்களைக் காட்டிய பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. படித்துறையில் நான் சேலையை இழுத்து மூடியதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

நாலு மணிக்கு ஸ்டுடியோவுக்குத் திரும்பினேன். கேமராவை அணைக்காமல், அதன் திரையிலேயே ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. மணப்பெண் தலை குனிந்தது, நிமிர்ந்தது, அவள் கழுத்தில் கருகமணி ஏறியது. ஒன்றுகூடத் தவறவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி சுழன்றுகொண்டே இருந்தது. பேட்டரிக் குறி என்று நினைத்தேன். நீ போன பிறகு முதல் தடவையாகப் பயமில்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

அப்போதுதான் உன் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"இசக்கி, ஒண்ணு கேக்கேன். கோட்டின்னு நினைச்சிராத."

"சொல்லுங்கண்ணே."

"டிவில படம் வருது."

"என்ன படம்?"

"சும்மா இருக்கும்போது அவ எடுத்த படமெல்லாம் ஒண்ணொண்ணா ஓடுமில்லா? அவ போட்டு வச்சது. அதுல புதுசா வருது. கல்யாண வீடு. நான் பாத்ததே இல்ல. எங்க அண்ணன் ஊருல இருந்து வந்திருந்தான், அவனும் பாத்தான். இசக்கி, அவ போயி நாலரை மாசமாச்சு."

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் நம்பினேன். நீ எங்கேயோ நின்று எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்று. சந்தோஷமா பயமா என்று பிரிக்க முடியவில்லை.

"பொண்ணு பச்சைப் பட்டு. கையில மருதாணி" என்றார் அவர்.

என் எதிரே திரையில் அந்தப் பச்சைப் பட்டு இருந்தது. ஓரத்தில் அந்தக் குறி இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

"டிவிய அணைங்கண்ணே!" என்று கத்தினேன்.

"அப்பவே பிளக்கப் புடுங்கிட்டேன். துப்பட்டி போடாத முகமா வந்துச்சு. பாக்கக் கூடாததுன்னு தெரியாதா எனக்கு?"

கேமராவின் பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ஸ்கூட்டியில் உன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி என்று தெரியாது.

அவர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே டிவியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

நடந்தது இதுதான். நீ அந்தக் கேமராவில் உன் கணக்கைப் போட்டு வைத்திருந்தாய். ஸ்டுடியோ வைஃபை கிடைத்தால் போதும், எடுத்த படமெல்லாம் தானாகவே இணையத்தில் உன் கணக்குக்கு ஏறிவிடும். அங்கிருந்து உன் போனுக்கும் டிவிக்கும். உன் போனை அவர் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

"எனக்கு ஏன் இத அவ சொல்லலண்ணே?"

"சொல்லணும்னுதான் இருந்தா. ஒனக்காகத்தான் போட்டா. 'கார்டு போயிரும்னு இசக்கி தண்ணி குடிக்கமாட்டா, இனிமே குடிப்பா'ன்னா. அடுத்த வாரமே காச்சல்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் வீட்டுக்காரரின் அண்ணன் அதற்குள் வள்ளியூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். போகும்முன் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். செத்துப்போன தம்பி பெஞ்சாதியின் படங்கள் புதிதாக வருகின்றன என்ற அதிர்ச்சியில், டிவியைத் தன் செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டார். இதைச் சொன்னபோது உன் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உடனே போன் போட்டோம். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டோம். அதே குரல். ஒரு படம். அது யார் யாருக்குப் போயிருக்கும்? குடும்பக் குழுவில் எத்தனை பேர்? அவர்கள் எத்தனை பேருக்கு அனுப்புவார்கள்? மேலப்பாளையத்தில் ஒருவன் கையில் அது வந்து சேர எவ்வளவு நேரமாகும்? நேற்றுவரை கல்யாணமாகாத பெண், இன்று வேறு வீட்டில் இருக்கிறாள். அந்த வீட்டார் என்ன கேட்பார்கள்?

"சொல்ல வேண்டாம், இசக்கி" என்றார் அவர் மெதுவாக. "அவன் போனை எடுத்ததும் அழிக்கச் சொல்லிருவோம். இங்கயும் அழிச்சிருவோம். யாருக்கும் தெரியாது. சொன்னா நாளைக்கு ஒன் தொழில் என்னாகும்?"

அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கும் அதுதான் ஆசையாக இருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

ஆமினா லாத்தாவின் மூத்த மகள் கல்யாணம் முடிந்த மறுநாள் உன் கைப்பையில் ஒரு கார்டு கிடந்தது. இருபது படம்கூட இருக்காது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்திருந்தோம். "அவங்களுக்கு எங்கட்டி தெரியப்போவுது, அழிச்சிரு" என்று நான் சொன்னேன். வெளியே நல்ல மழை. குடையும் கார்டுமாக மேலப்பாளையம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய். சாயங்காலம் தொப்பலாக நனைந்து திரும்பினாய், தும்மிக்கொண்டே.

திறந்த வாயை மூடிக்கொண்டு லாத்தாவுக்குப் போன் போட்டேன்.

முழுதும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. மறுபக்கம் கல்யாண வீட்டுச் சத்தம் கேட்டது, பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம்.

"எத்தன ஆம்பள பாத்தாங்க?"

"ரெண்டு பேரு, லாத்தா."

"என் மவ முகமா?"

"ஆமா."

கதவைத் திறந்து தங்கையைக் கூப்பிடுவது கேட்டது.

"மக்ரிப் தொழுதுட்டு வாரேன். அங்கனயே இரு. எதையும் தொடாத" என்றார்கள்.

அந்த ஒரு மணி நேரம் போல ஒன்றை நான் என் எதிரிக்கும் கேட்கமாட்டேன். தெருவில் ஆட்டோச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். அவர்கள் தனியாக வரமாட்டார்கள், நாலு ஆண்களோடு வருவார்கள் என்று தோன்றியது. கேமராவை உடைப்பார்கள். உன் வீட்டுக்காரர் மேல் கை வைத்துவிட்டால்? அவர் டீ போட்டுக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

ஆட்டோவில் வந்தது லாத்தாவும் அவர்கள் தங்கையும் மட்டும். வெள்ளைத் துப்பட்டியை இறுக்கிப் பிடித்தபடி படியேறினார்கள். உன் வீட்டுக்காரர் எழுந்து, தலை குனிந்து, தெருவில் போய் நின்றுகொண்டார். லாத்தா முதலில் பார்த்தது சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த டிவியை.

"இத யாரு திருப்பினா?"

"அண்ணன்."

உட்கார்ந்தார்கள். உன் போனை வாங்கிக் கையில் கொடுத்தேன். எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி அழிப்பது என்று காட்டினேன். "நானே செய்யுதேன்" என்றார்கள். முந்நூற்றுச் சொச்சம் படம். ஒவ்வொன்றையும் பார்த்தார்கள், தங்கள் பெருவிரலால் அழித்தார்கள். அழித்தவை போய் விழுகிற தொட்டியையும் திறக்கச் சொல்லி அதையும் காலி செய்தார்கள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தன் மகளின் மருதாணிக் கையை அழிக்கும்போது அந்தப் பெருவிரல் ஒரு நொடி நின்று, பிறகு அழுத்தியது.

கல்யாணப் படங்கள் தீர்ந்து, அடுத்த படம் வந்தது. படித்துறை. கடைசிப் படியில் நான்.

"இது நீயா?"

"ஆமா, லாத்தா."

"இப்படிப் பயந்து போயி இருக்கியே. யாரு எடுத்தது?"

"அவதான். அவ எடுத்ததுல கடைசி இதுதான்."

அடுத்ததைத் தள்ளினார்கள். அதிலும் நான். பதினைந்தையும் பார்த்தார்கள். அவற்றை அழிக்காமல் போனைக் கீழே வைத்தார்கள்.

அப்போதுதான் உன் வீட்டுக்காரரின் அண்ணன் திருப்பிக் கூப்பிட்டார். போனை வெளியே கேட்கிற மாதிரி வைத்தேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யோ! தெரியாம எடுத்துட்டேன் தாயி. எங்கயும் அனுப்பல. அனுப்பலாம்னுதான் பாத்தேன், டவர் இல்ல. இந்தா, இப்பவே அழிக்கேன்."

லாத்தா போன் பக்கம் குனிந்தார்கள். "நான் பொண்ணோட உம்மா பேசுதேன். ஒங்களுக்குப் பொம்பளப் புள்ள இருக்கா?"

"ரெண்டு இருக்கும்மா."

"அழிச்சிட்டியளா?"

"அழிச்சிட்டேம்மா. என் பிள்ளையோ மேல சத்தியம்."

"சரி."

இணைப்பைத் துண்டித்தார்கள். "உண்மையா இருக்குமா, லாத்தா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "நம்பித்தான் ஆவணும். ஒன்னயும் நம்பித்தானே உள்ள விட்டேன்?"

பிறகு கேமராவைக் கேட்டார்கள். "இது மறுபடி ஏத்தாதுன்னு என்ன நிச்சயம்?"

கழற்றிய பேட்டரியை மாட்டினேன். பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடி, கடைசியில் அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தேன். உன் பெயர் இருந்தது, ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், நீ எப்போதும் எழுதுகிறபடி அப்பா பெயரின் முதலெழுத்தைப் பின்னால் போட்டு. இந்தக் கணக்கை நீக்கவா என்று கேமரா கேட்டது.

என்னால் அழுத்த முடியவில்லை.

படம்தான் தவறு. பெயர் என்ன செய்தது? நான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நீ செய்த ஏற்பாடு. உன் கை கடைசியாக எனக்காகச் செய்த வேலை. அதை என் கையாலேயே துடைக்கச் சொன்னால் எப்படி? பெயரை நீக்கியதும் நான் மட்டும்தான் மிச்சம் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. இனி எது தவறினாலும் முன்னால் நிற்க யாரும் இல்லை.

லாத்தா அவசரப்படுத்தவில்லை. என் கையிலிருந்து வாங்கி அழுத்தவும் இல்லை. காத்திருந்தார்கள். பிறகு, "மெதுவா, பைய அழுத்து" என்றார்கள்.

அழுத்தினேன். பெயர் போயிற்று. ஒரு சத்தமும் வரவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்கள்: "மவள்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். கார்டு நாளைக்கு வீட்டுக்கு வரணும். இனிமே ஒன்னயக் கூப்பிடுவேனான்னு எனக்கே தெரியல, இசக்கி. தெருவுல கேப்பாங்க. படம் வெளிய போனதையும் சொல்லுவேன், நீ போன் போட்டுச் சொன்னதையும் சொல்லுவேன். ரெண்டையும் சொல்லுவேன்."

தெருவில் நின்றிருந்த உன் வீட்டுக்காரரைத் தாண்டும்போது ஒரு நொடி நின்று, "டிவியத் திருப்பி வச்சியள்ல, அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்வான்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் மேலப்பாளையத்திலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. தெரியாத எண் அடித்தாலே, அந்தப் படம் எங்கேயாவது முளைத்துவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பேன். இன்றுவரை முளைக்கவில்லை. முளைக்காது என்று சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. அந்தக் கேமராவின் பட்டியலை வரி வரியாகப் படித்தேன். எது எங்கே ஏறும், எது எதை யாரிடம் சொல்லும் என்று இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சத்தம் வரவைக்கிற வழியையும் கண்டுபிடித்தேன். ஆனால் அது ஒரு சின்ன ஸ்பீக்கர் பாடுகிற பொய்ச் சத்தம். உள்ளே எதுவும் அடிக்கவில்லை. அதை அணைத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு பெண் கூப்பிட்டாள். மேலப்பாளையம். தங்கை கல்யாணம்.

"ஆமினா மாமிட்ட கேட்டோம்" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டையும் சொன்னாங்க. உம்மா யோசிச்சாங்க. பொறவு ஒங்களயே கூப்பிடச் சொல்லிட்டாங்க."

போனேன். கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லாரையும் கொஞ்சம் சும்மா இருக்கச் சொன்னேன். நான் அப்படிக் கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசியதே இல்லை, உனக்குத் தெரியும். "எம் பேரு இசக்கி. இந்தக் கேமரா சத்தம் போடாது. அதனால எடுக்கதுக்கு முன்னால இடது கையத் தூக்குவேன். வேண்டாங்கிறவங்க முகத்தத் திருப்பிக்கிடுங்க. இதுல இருந்து படம் எங்கயும் போவாத மாதிரி எல்லாத்தையும் அணைச்சிருக்கேன், யாராவது வந்து பாத்துக்கிடுங்க" என்றேன். மூன்று பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருத்தி ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டாள். சொன்னேன்.

இப்போது எல்லாக் கல்யாண வீட்டிலும் இதைத்தான் செய்கிறேன், கோயிலானாலும் மண்டபமானாலும். நீ இருந்தவரை என் நடுக்கத்தைத் தூணுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வேன். இப்போது தூக்கிய கையில் எல்லாருக்கும் தெரிகிறது. தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று அந்த மணப்பெண், பதினெட்டு பத்தொன்பது வயசிருக்கும், என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ஒங்க கை நடுங்குது."

"ஆமாம்மா."

"படம் ஆடிராதா?"

"ஆடாது" என்றேன்.

எடுத்தேன். ஆடவில்லை.